குறு விவசாயி: மாநகரப் பூங்கா

சொட்டுநீர்க் குழாய்க்குப் பெரிய குறை ஒன்று உண்டு. போட்டாலும் கண்ணில் படாது. அதைத் திறந்துவைக்க ரிப்பன் கட்ட இடமில்லை. வண்ண விளக்கு நீரூற்றென்றால் பொத்தானை அழுத்தியதும் சீறும், படமும் நன்றாக வரும். பூங்காவுக்கு நிதி வந்தால் எது முந்தும் என்று சொல்லவா வேண்டும்?

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறிச் சென்னைக்கு வந்தது. அமைச்சர் போய் வரவேற்றார். தண்ணீர் பார்க்கும்படி வந்தால் மரியாதை தனிதான்.

பணமில்லை என்ற பேச்சும் முழுசாக எடுபடாது. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்ற விவசாயிகளுக்கு 75 சதவீதமும் மானியம் தருகிற மாநிலம் இது. நகரத்துப் புல்தரைக்கோ நடுவெயிலில் ரப்பர் குழாய். அதில் பாதி நடைபாதையை நனைக்கும். குழாய் பதித்தால் 'மூலதனச் செலவு', கோப்பு ஊர் சுற்றும். லாரித் தண்ணீர் 'பராமரிப்பு', கையெழுத்து உடனே விழும்.

எனக்கு ஒரு யோசனை. குறு விவசாயி வரம்பு இரண்டரை ஏக்கர். தெருமுனைப் பூங்காக்கள் தாராளமாக அதற்குள் அடங்கும். சிட்டா, அடங்கலோடு தாசில்தாரிடம் சான்றிதழுக்கு மனுப் போடலாமே. பயிர் என்ற இடத்தில் 'கொரியப் புல்' என்று எழுதிக்கொள்ளட்டும்.