டவரைக் கேட்காமல் பேசும் போன்கள்

கேள்வி: அருகருகே இருக்கும் இரண்டு போன்கள் டவரை விட்டுவிட்டு நேரடியாகப் பேசிக்கொண்டால், அலைவரிசையில் அடிதடி நடக்காதா?

பதில்: நடக்கும். அதைத் தடுக்கத்தான் 4ஜி போன்களுக்கான எல்.டி.இ. தரநிலையின் 12ஆம் பதிப்பு (2015) விதிகள் வகுத்தது. போனிலிருந்து டவருக்குப் போகும் அலைவரிசையிலேயே நேரடிப் பேச்சுக்கு ஓர் ஓரம் ஒதுக்கப்படுகிறது. எதிர்த்திசையைத் தொடாததில் சூட்சுமம் உண்டு: டவர் போடும் சத்தத்தில் போனின் கிசுகிசு எடுபடாது, அக்கம்பக்கத்துப் போன்களின் காதும் அடைபடும். மேலேறும் திசையிலோ தொந்தரவுக்கு ஆளாவது பெரும்பாலும் டவர்தான். அதிகாரமும் அதன் கையில் இருப்பதால், போனின் அனுப்புதிறனைக் குறைத்து அடக்கிவைக்கும்.

பங்கீடு இரு வகை. ஒன்றில், எப்போது எந்த அலைவரிசை என்று டவரே ஒதுக்கித் தருகிறது. மற்றதில், பொதுத் தொகுப்பிலிருந்து போனே குத்துமதிப்பாக ஒன்றை எடுத்துக்கொள்ளும். டவரே சாய்ந்துபோன பேரிடர் இடங்களில் தீயணைப்பு வீரர்களுக்கு இதுதான் கதி. இருவர் ஒரே இடத்தைப் பிடித்தால்? அதை எதிர்பார்த்தே, கல்யாண வீட்டு மைக் அறிவிப்பு மாதிரி, ஒவ்வொரு தரவுத் துண்டும் நான்கு முறை அனுப்பப்படுகிறது.

இதேபோல ஒன்றோடொன்று நேரடியாகப் பேசும் ஓடும் வண்டிகளுக்கு இந்த அதிர்ஷ்டக் கணக்கு போதாது. அதே தரநிலையின் 14ஆம் பதிப்பின்படி, கார் எப்போதும் கடந்த ஒரு விநாடியின் சந்தடியை ஒட்டுக்கேட்டு வைத்திருக்கும். பிறர் பிடித்தவற்றைத் தள்ளிவிட்டு, அமைதியான ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஓரிடத்தை எடுத்துச் சிறிது நேரம் அதையே வைத்துக்கொள்ளும். ஓட்டை ஒன்று மிச்சம்: ஒரே நேரத்தைத் தேர்ந்த இரு கார்கள் ஒன்றையொன்று கேட்கவே முடியாது. பேசும்போது கேட்கும் வழக்கம் அவற்றுக்கும் இல்லை.