மண்ணீரலைத் தொட்டுப் பார்த்த காலம்

1990-களில் இரத்தப் புற்றுநோய் வார்டில் வேலை பார்த்தவர்களுக்கு மண்ணீரல் என்றதும் முதலில் நினைவு வருவது தங்கள் விரல்நுனிதான். சி.எம்.எல். என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் அந்த இரத்தப் புற்றுநோயில் மண்ணீரல் வீங்கி இடது விலாவுக்குக் கீழே இறங்கிவிடும். நோயாளியை மூச்சை நன்றாக இழுக்கச் சொல்லி, எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்று தடவிப் பார்த்து, கேஸ் ஷீட்டில் வரைந்த வயிற்றுப் படத்தில் கோடு போடுவோம். அடுத்த மாதம் அந்தக் கோடு மேலேறியிருந்தால் மருந்து கேட்கிறது என்று அர்த்தம். அதை நோயாளியும் நம் முகத்திலேயே படித்துவிடுவார்.

மருந்து என்று இருந்ததுதான் என்ன? மைலெரான், பிறகு ஹைட்ராக்ஸியூரியா. கொஞ்சம் வசதி இருந்தால் இன்டர்ஃபெரான் ஊசி. அந்த ஊசியை ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில் வைத்து மடியில் அணைத்தபடி இரவு பஸ்ஸில் ஊர் திரும்பியவர்களை நினைத்துப் பார்க்கிறேன். போட்ட அன்றிரவு குளிர்காய்ச்சல் தூக்கிப் போடும் என்று தெரிந்தேதான் கொண்டு போனார்கள். வெள்ளணு எண்ணிக்கை இறங்கும், மண்ணீரல் சுருங்கும், ஆனாலும் பெரும்பாலோருக்குச் சில ஆண்டுகளில் நோய் உக்கிரமாகிவிடும். "இன்னும் எத்தனை வருஷம் டாக்டரய்யா?" என்று கேட்பார்கள்.

ஆராய்ச்சிக்காகப் பதிவு செய்தவர்கள் குறித்த தேதியில் வராவிட்டால் ரிப்ளை கார்டு போடுவோம். பதில் எழுதுவது பெரும்பாலும் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. அப்பா வயலுக்குப் போகிறார், நடவு முடிந்ததும் வருவார், ஊரில் மழை இல்லை என்று குண்டு குண்டான எழுத்தில் வரும் அந்த அஞ்சலட்டையை, அவர் எப்படி இருக்கிறார் என்று சொல்லும் சேதியாகவே நான் இன்றும் மதிக்கிறேன். வயலுக்குப் போகிறவர் நலமாக இருக்கிறார், வேறென்ன வேண்டும்?

பிறகு 2001 வந்தது. பிரையன் ட்ரக்கரும் கூட்டாளிகளும் வெளியிட்ட கட்டுரையை நூலகத்தில் ஜெராக்ஸ் எடுத்து, வரி வரியாகக் கோடு போட்டுப் படித்தோம்: இன்டர்ஃபெரானுக்குக் கேட்காத நோயாளிகளில், போதிய அளவு இமாட்டினிப் மாத்திரை எடுத்த 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்கள் இயல்புக்குத் திரும்பியிருந்தன. 1960-இல் ஃபிலடெல்ஃபியாவில் கண்ட ஒரு குட்டை குரோமோசோம், அது 9-க்கும் 22-க்கும் இடையே நடந்த துண்டு மாற்றம் என்று 1973-இல் ஜேனட் ரௌலி கண்டுபிடித்தது, அந்த மாற்றத்தில் பிறக்கும் ஒரே ஒரு புரதத்தை அடைக்கும் இமாட்டினிப் மாத்திரை என்று நாற்பது ஆண்டுக் கதை முழுவதும் அந்த எண்ணில் வந்து முடிந்தது.

ஆனால் விலை? மாதம் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல். இலவசமாகத் தரும் திட்டம் ஒன்று இருந்தது. இந்திய நிறுவனங்களின் மலிவு மாத்திரையும் வந்தது. இமாட்டினிப்புக்கான காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் தள்ளுபடி செய்ததும், 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததும், எங்கள் வெளிநோயாளர் பிரிவில் எந்தப் புதிய மருந்துக்கும் குறையாத பலனைத் தந்தன என்றே சொல்வேன்.

இன்று மருந்து கேட்கிறதா என்று சொல்வது பி.சி.ஆர். அறிக்கை. தசமப் புள்ளிக்குப் பின்னால் பூஜ்யங்கள் கூடக் கூட நோய் விலகிக்கொண்டே போகிறது. கையால் ஒருபோதும் எட்ட முடியாத நுட்பம் அது. ஆராய்ச்சி விவரங்கள் கணினிப் படிவத்தில் ஏறுகின்றன, தேதி தவறினால் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போகிறது. மழை பற்றி எழுத அந்தப் படிவத்தில் கட்டமில்லை. இழந்தது சின்ன விஷயம்தான், என்றாலும் அதற்காக வருந்தாமல் இருக்க முடியவில்லை.

இப்போது நோயாளிகள் கேட்கும் கேள்வியே வேறு: "மாத்திரையை நிறுத்திடலாமா டாக்டர்?" பிரான்சில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுகளாவது நோயின் சுவடே தெரியாமல் இருந்தவர்கள் மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள், ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்கு ஓராண்டு கழித்தும் நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்கும் மீண்டும் கொடுத்தபோது மாத்திரை கேட்டது. நிறுத்தினால் முதல் சில மாதங்கள் மாதந்தோறும் சோதனைக்கு வரவேண்டும் என்கிறேன். ஊரிலிருந்து ராத்திரி பஸ்ஸைப் பிடித்தால் காலையில் வந்துவிடலாம், அதற்கென்ன என்கிறார் எதிரே இருப்பவர்.