வாத்து ஏன் வந்தது?

கேள்வி: 'உயிரியல் தத்துவம்' என்று ஒரு படிப்பு இருக்கிறதாமே! உயிரியலே போதாதா?
(ஒரு வாசகர், வில்லியனூர்)

பதில்: குளிர்காலத்தில் உங்கள் ஊசுடு ஏரிக்கு ஊசிவால் வாத்துகள் ஏன் வருகின்றன என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். "அங்க குளிருங்க" என்பார் ஒருவர். "இங்க தீனி கிடைக்குது" என்பார் இன்னொருவர். "அது பரம்பரைக் குணம்" என்று மூன்றாமவர் கிளாஸை வைத்துவிட்டுக் கிளம்புவார். மூன்றும் சரிதான். ஆனால் மூவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை!

இந்தச் சிக்கலைப் பிரித்துக் காட்டியவர் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மையர். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் தன் கோடை வீட்டருகே இருந்த சின்னக் குருவி, ஆகஸ்ட் 25 இரவு ஏன் தெற்கே கிளம்பியது என்று 1961-ல் 'சயின்ஸ்' இதழில் கேட்டார். பகல் குறுகியது, குளிர்காற்று வீசியது. இவை உடனடிக் காரணங்கள். பூச்சி தின்னும் குருவி அங்கேயே இருந்தால் பனிக்காலத்தில் பட்டினிதான். கிளம்பிப் போனவற்றின் வம்சமே தழைத்தது. இது பரிணாமக் காரணம். முதலாவதை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கலாம். இரண்டாவதற்குத் தலைமுறைகளின் வரலாறு வேண்டும். எந்த 'ஏன்' எது என்று தரம் பிரிப்பதுதான் உயிரியல் தத்துவக்காரர்களின் பிழைப்பு.

கேள்வி: தான் ஏன் வருகிறோம் என்று அந்த வாத்துக்குத் தெரியுமா?
(ஒரு வாசகி, பாகூர்)

பதில்: தெரிய வேண்டிய அவசியமே இல்லை. வம்சம் தழைக்கட்டும் என்று நினைத்தா நாம் பிரியாணிக் கடைக்குப் போகிறோம்? இயற்கைத் தேர்வுக்கும் திட்டம் கிடையாது. ஆனாலும் எல்லாம் திட்டமிட்டதுபோலத் தெரிவது எப்படி என்று மையர் விடாமல் எழுதினார். கடைசிப் புத்தகம் 2004-ல் வந்தது. அப்போது அவருக்கு வயது 100.