சும்மா இருப்பவளின் வரவு செலவு

பட்டாசுத் தொழில் நடக்கும் நாரணாபுரத்தில் ஒரு பெண் பிள்ளைப்பேற்றுக்காகப் பட்டாசு ஆலை வேலையை விட்டு நின்றாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஒன்றரை வயது ஆவதற்குள் ஆளாளுக்கு ஆரம்பித்துவிடுவார்கள். "வீட்ல சும்மாதானே இருக்க? அரை நாளாவது வேலைக்குப் போயிட்டு வாயேன்."

விடியுமுன் தண்ணீர் பிடிக்கிறாள். சமைக்கிறாள். துவைக்கிறாள். மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். சும்மா இருக்கிறாளாம். ஊரை மட்டும் நொந்து என்ன பயன்? 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்கள், கைதிகளோடு ஒரே வரிசையில் உட்காரவைத்து, "வேலை செய்யாதவர்கள்" என்று எழுதிக்கொண்டது. 2010-இல் உச்ச நீதிமன்றமே அதைக் கண்டிக்க வேண்டியிருந்தது. அதே அரசு 2019-இல் கடிகாரமும் கையுமாக வந்து இன்னொரு கணக்கு எடுத்தது. வீட்டு வேலை பார்க்கும் பெண் அதற்கு ஒரு நாளில் அப்போது செலவிட்டது 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். வேலை செய்யாதவள் தினமும் ஐந்து மணி நேரம் என்னதான் செய்கிறாள்? அதை எந்த அதிகாரியும் கேட்கவில்லை.

சரி, அவள் வேலைக்கே போகட்டும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணவரின் ஆண்டு வருமானம் 2 லட்சம் என்று வையுங்கள். இவள் அரை நாள் பட்டாசுக் குழாய் உருட்டி 60,000 கொண்டுவருகிறாள். மொத்தம் 2,60,000. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் தமிழக அரசின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு 2.5 லட்சம். தாண்டினால் விதிப்படி மாதம் 1,000 போச்சு. ஆண்டுக்கு 12,000. அவள் சம்பாத்தியத்தில் ஐந்தில் ஒரு பங்கு!

இதே நாட்டில், 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு, புதிய வரி முறையில் 12 லட்சம் வரை சம்பாதிப்பவர் ஒரு பைசா வருமான வரி கட்ட வேண்டாம். பன்னிரண்டு லட்சத்துக்கு வரி பூஜ்யம். அறுபதாயிரத்துக்கு இருபது சதவீதம் பிடித்தம். இதற்குப் பெயர் உரிமை.

பிள்ளையை எங்கே விடுவது? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 30 பெண்களுக்கு மேல் வேலை பார்த்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத் திருத்தமும் அதையே சொன்னது, 50 பேர் என்ற கணக்கோடு. சொன்னவர்கள் பட்டாசு ஆலையை நினைத்துப் பார்த்தார்களா? கந்தகத்துக்கும் அலுமினியத் தூளுக்கும் பக்கத்திலா தொட்டில் கட்டுவது? காப்பகம் இருக்க வேண்டிய இடம் ஊர். ஊரில் இருப்பது அங்கன்வாடி. அது கைக்குழந்தைக்கு ஆகாது, சாயங்காலம் ஆலை வேன் திரும்பும்வரை திறந்தும் இருக்காது. அரை நாள்காரிக்கென்று நடுவில் தனி வேன் எவர் விடுவார்?

வேலையாவது நிலைக்குமா? சரம் பின்னியே பல பெண்கள் குடும்பம் நடத்தினார்கள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டது. காற்று சுத்தமாகட்டும், வேண்டாம் என்பார் யார்? ஆனால் தில்லியின் நுரையீரலுக்கு நாரணாபுரத்தின் அடுப்பு விலை கொடுத்தது. தடை ஒரே நாளில் வந்தது. மாற்று வேலை இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

நீதிமன்றங்கள் அவளை மறந்துவிட்டன என்று சொல்ல முடியாது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், வீட்டைக் கவனித்த மனைவிக்கும் கணவர் வாங்கிய சொத்தில் சம பங்கு உண்டு என்றது. அருமையான தீர்ப்பு. முதலில் சொத்து வேண்டும், அவ்வளவுதான்.

அரசுக்கும் அவள் மதிப்பு தெரியும். 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு மத்திய அரசு 2 லட்சம், மாநில அரசு 3 லட்சம் அறிவித்தன. உயிரோடு இருப்பவளுக்கு மாதம் ஆயிரம் கொடுக்குமுன் வருமானம் பார்க்கிறார்கள், நிலம் பார்க்கிறார்கள், ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம் தாண்டுகிறதா என்றும் பார்க்கிறார்கள். பிணத்திடம் யாரும் மின்கட்டண ரசீது கேட்கவில்லை. இந்த வட்டாரத்தில் ஒரு பெண் ஒரே தவணையில் லட்சங்களைக் கொண்டுவர அரசு வைத்திருக்கும் வழி அது ஒன்றுதான்.

அடுத்த தேர்தலுக்கும் வருவார்கள். ஆயிரத்தை உயர்த்துவேன் என்று ஒருவர், இரண்டு மடங்காக்குவேன் என்று இன்னொருவர். தாய்மார்களே என்று கும்பிடுவார்கள். கும்பிடு முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: காலையில் வேன் வருமுன் திறந்து, சாயங்காலம் வேன் திரும்பிய பிறகு மூடுகிற குழந்தைகள் காப்பகம் எங்கள் ஊரில் எந்தத் தேதியில் வரும்? தேதி சொல்லாதவருக்கு ஓட்டு கிடையாது.