33 டிகிரி

1980களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை வைராலஜி பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். சளி பிடித்தவரின் மூக்கிலிருந்து எடுத்த மாதிரி வந்ததும் எழும் முதல் கேள்வி, இதை எந்த செல்லில் போடுவது? என்ன வைரஸ் என்று தெரியாதே, அதனால் பல குழாய்களில் பிரித்துப் போடுவோம். குரங்குச் சிறுநீரக செல்லில் இன்ஃப்ளூயன்சா வளரும். ஹெப்-2 செல்லில் ஆர்.எஸ்.வி. என்ற சுவாச வைரஸ் வரும். ஜலதோஷத்துக்குப் பெரும்பாலும் காரணமான ரைனோ வைரஸுக்கு எம்.ஆர்.சி-5 செல், 1966இல் லண்டனில் மனிதக் கருவின் நுரையீரலிலிருந்து உருவாக்கியது.

செல் மட்டும் சரியாக இருந்தால் போதாது. மூக்கின் உள்புறம் உடம்பைவிடக் குளிர்ச்சி. 33 டிகிரியில், காரத்தன்மை குறைந்த ஊடகத்தில், குழாயை உருட்டிக்கொண்டே இருந்தால் ரைனோ வளரும் என்று 1960இல் காட்டியவர் சாலிஸ்பரி ஜலதோஷ ஆய்வுப் பிரிவின் டேவிட் டிரெல். எங்கள் இன்குபேட்டரில் குழாய்களை உருட்டும் உருளை இரவும் பகலும் சுற்றும்.

தினமும் குழாய்களை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். ஒரே திசையில் நீண்டு படுத்திருக்கும் செல்களுக்கு நடுவே ஓரிடத்தில் நாலைந்து மட்டும் உருண்டு பளபளக்கும். மறுநாள் அந்த இடம் பெரிதாகியிருக்கும். ரைனோவைப் போலவே என்டிரோ வைரஸும் செல்களை இப்படி உருளச் செய்யும் என்பதால் பி.எச். 3 அமிலத்தில் வைத்துப் பார்ப்போம்; ரைனோ தாங்காது. முடிவு எழுதுவதற்குள் நோயாளி குணமாகி வேலைக்குப் போயிருப்பார்.

இன்று வைரஸின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். அதே நாளில் பதில் சொல்லிவிடுகிறது. குழந்தைகள் வார்டுக்கு அது பெரிய வரம், மறுக்கவே மாட்டேன். 2006இல் மரபணு வழியாகத்தான் ரைனோ-சி வகையே தெரியவந்தது. ஆஸ்துமா உள்ள குழந்தைகளைப் படுத்தும் அந்த வைரஸ் எங்கள் குழாய் எதிலும் வளராது. அது பற்றிக்கொள்ளும் சி.டி.எச்.ஆர்.3 என்ற புரதம் மூச்சுக்குழாயின் நுண்மயிர் செல்களில்தான் இருக்கிறது. 2011இல் அதை முதலில் வளர்த்ததும் மனித சைனஸ் திசுத் துண்டில். சாலிஸ்பரிக்காரர்கள் 1965இல் செய்ததும் ஏறக்குறைய இதுதான்: செல் குழாயில் வளர மறுத்த பி814 வைரஸைக் கருவின் மூச்சுக்குழாய்த் துண்டில் வளர்த்தார்கள். அது ஒரு கொரோனா வைரஸ்.

சளி விட்ட பிறகும் வாரக்கணக்கில் பி.சி.ஆர். பாசிட்டிவ் காட்டலாம். உள்ளே இருப்பது உயிருள்ள வைரஸா, வெறும் மரபணு எச்சமா என்று அது சொல்லாது. மருந்து கேட்கிறதா என்று பார்க்கவும் உயிருள்ள வைரஸ் வேண்டும். பெரிய ஆய்வகங்களிலாவது செல்லில் வைரஸ் வளர்க்கும் கல்ச்சர் அறை ஒன்றை மூடாமல் வைத்து, அதில் பழகிய கைகளிடமிருந்து இளையவர்கள் நேரில் கற்றுக்கொள்ள வேண்டும்.