கலகத்தைத் தொடாமல் பார்க்கவும்

கலகக்காரர்களின் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்த பிறகுதான் நான் ஒழுக்கமான மனிதனாக மாறினேன். அதற்கு முன் புத்தகத்தைப் பாதியில் குப்புறக் கவிழ்த்துவிட்டுத் தூங்கப் போவேன். அடையாளத்துக்கு பஸ் டிக்கெட் செருகுவேன். ரசம் சாதத்தோடு ஜெயகாந்தனைப் படித்திருக்கிறேன். இப்போது கையை சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, ஈரம் போயிற்றா என்று ஒருமுறை தடவிப் பார்த்த பிறகே கண்ணாடி அலமாரியைத் திறக்கிறேன். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் கின்ஸ்பெர்க், கெருவாக், பரோஸ் என்ற அமெரிக்கக் கலக எழுத்தாளர்கள். கை கழுவாதவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்று ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"உங்க பாட்டி மடிப்புடவையை இப்படித்தான் யாரும் தொடாம காப்பாத்துவாங்களாம், அத்தை சொல்லியிருக்காங்க" என்றாள் மனைவி. பாட்டி எவ்வளவோ தேவலை. மத்தியானச் சாப்பாடு ஆனதும் அவள் மடி முடிந்துவிடும். என்னுடையதற்கு விடுமுறையே கிடையாது.

குடியிருப்பது கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில். அதுதான் வினை. ரயில் ஏறினால் சான் பிரான்சிஸ்கோ. அங்கே கொலம்பஸ் அவென்யூவில் சிட்டி லைட்ஸ் புத்தகக் கடை. லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டியும் பீட்டர் மார்ட்டினும் 1953இல் தொடங்கியது. காகித அட்டைப் புத்தகம் மட்டும்தான் விற்பது என்று ஆரம்பித்தார்கள். கையில் காசில்லாதவனும் வாங்க வேண்டும், சட்டைப் பையில் செருகிக்கொண்டு போக வேண்டும். இந்த நல்லெண்ணத்தின் விளைவை இன்றைக்கு நான் அனுபவிக்கிறேன்.

ஆலன் கின்ஸ்பெர்கின் 'ஹவுல்' கவிதைப் புத்தகம் 1956இல் இவர்களுடைய பாக்கெட் பொயட்ஸ் வரிசையில் நான்காவதாக வந்தது. இங்கிலாந்தில் அச்சடித்தார்கள். முதல் அச்சு 1000 பிரதி, விலை 75 சென்ட். அடுத்த அச்சு 1957 மார்ச்சில் கப்பலில் வந்து இறங்கியபோது, ஆபாசம் என்று சொல்லி சுங்க இலாகா 520 பிரதிகளைப் பிடித்து வைத்தது. பிறகு போலீஸ் கடைக்கே வந்து, புத்தகத்தை விற்ற ஷிக் முராவோவைக் கைது செய்தது. வழக்கை விசாரித்த நீதிபதி கிளேட்டன் ஹார்ன் ஞாயிற்றுக்கிழமைகளில் பைபிள் வகுப்பு எடுக்கிறவர். எல்லாரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்க, அவர் ஆபாசமில்லை என்று தீர்ப்பளித்தார். அந்த சுங்க அதிகாரிகளை ஒரு விஷயத்தில் பாராட்டத்தான் வேண்டும். புத்தகத்தைப் பிரித்துப் படித்திருக்கிறார்கள். எங்கள் சேகரிப்பாளர் கூட்டத்தில் அந்தப் பழக்கம் அறவே இல்லை.

எங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. 'ஹவுல்' முதல் அச்சின் சமர்ப்பணப் பக்கத்தில் லூசியன் கார் என்ற நண்பரின் பெயர் இருக்கும். "என் பெயர் வேண்டாமப்பா" என்று அவர் கேட்டுக்கொண்டதால் பிந்தைய அச்சுகளில் எடுத்துவிட்டார்கள். பாவம், மனிதர் தன்னை விட்டுவிடும்படி கேட்டார். நாங்கள் அந்தப் பெயரைத்தான் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிறோம். இருந்துவிட்டால் ஆயிரக்கணக்கில் டாலர் எண்ணி வைக்கிறோம்.

இதே லூசியன் கார் வளர்த்த நாயும் இலக்கியத்துக்குத் தன் பங்குக்கு ஒன்று செய்தது. ஜாக் கெருவாக் 1951இல் மூன்றே வாரத்தில் 'ஆன் தி ரோட்' நாவலை ஒரே சுருளாகத் தட்டச்சு செய்தார். நீளம் சுமார் 120 அடி. கடைசிப் பகுதியை நாய் தின்றுவிட்டது. அந்தச் சுருள் 2001இல் ஏலத்துக்கு வந்து 24 லட்சம் டாலருக்கு மேல் போயிற்று. நாய் கடித்ததற்கு ஒரு சென்ட் தள்ளுபடி கேட்டவர் இல்லை. நான் விற்கப் போனால் மட்டும், மேலுறை ஓரத்தில் எறும்பு நுழையாத கிழிசலுக்கு வியாபாரி பாதி விலையைக் கழிப்பார்.

மேலுறை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஜூன் மாதம் பிறந்தால் பிரௌன் தாளில் அட்டை போட்டு, லேபிள் ஒட்டிப் புத்தகத்தைக் காப்பாற்றிய பரம்பரை நம்முடையது. இங்கே அட்டைக்கே அட்டை போட வேண்டும். 1957இல் 3 டாலர் 95 சென்ட்டுக்கு விற்ற 'ஆன் தி ரோட்' முதல் பதிப்பு, கறுப்பு மேலுறையோடு இருந்தால் மகாராஜா. மேலுறை போய்விட்டதென்றால் உள்ளே ஓர் எழுத்துகூடக் குறையாவிட்டாலும் பரதேசி. என்னிடம் இருப்பது பரதேசி.

எனக்குப் பிடித்த கூத்து பரோஸின் 'நேக்கட் லஞ்ச்'தான். 1959இல் பாரிஸில் ஒலிம்பியா பிரஸ் வெளியிட்டது. விலை 1500 பிராங்க். ஆறே மாதத்தில் பிரெஞ்சு அரசாங்கம் நூறு பழைய பிராங்க்கை ஒரு புதிய பிராங்க் ஆக்கிவிட்டது. விற்காமல் கிடந்த பிரதிகளின் பின்னட்டையில் புது விலையை ரப்பர் ஸ்டாம்பால் குத்தினார்கள்: 18. கணக்குப்படி 15தானே வர வேண்டும்? சந்தடி சாக்கில் மூன்று பிராங்க் ஏற்றிவிட்டார்கள். கலகம் கலகமாக இருக்கட்டும், கல்லா கல்லாவாக இருக்கட்டும். இன்றைக்கு அந்த முத்திரை இல்லாத பிரதிக்குத்தான் கிராக்கி. விலை ஏற்றாத பொருளுக்கு விலை ஏறுவதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

விற்பனைப் பட்டியல்களில் உச்சபட்சப் பாராட்டு, "படிக்கப்படாத பிரதிபோல் இருக்கிறது" என்பது. சிறைக்குப் போகத் துணிந்து வெளியிட்ட புத்தகத்துக்கு, யாருமே திறக்கவில்லை என்பதுதான் சிறப்புத் தகுதி. என் மகன் இந்தத் தகுதியை மதிப்பதில்லை. சிட்டி லைட்ஸுக்குப் போய் 'ஹவுல்' புது அச்சு ஒன்று வாங்கி வந்தான். அதே சின்ன அளவு, அதே கறுப்பு வெள்ளை அட்டை. ஜீன்ஸ் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு அதன் மேலேயே உட்காருகிறான். போன வாரம் பீட்சா பெட்டிமேல் கிடந்தது. பாதி கவிதை அவனுக்கு மனப்பாடம். அவனை அலமாரிப் பக்கம் நான் விடுவதில்லை.

அலமாரியின் மேல்தட்டில் இருப்பது இன்னொரு அமெரிக்கக் கலகக்காரர் அபி ஹாஃப்மனின் 'ஸ்டீல் திஸ் புக்'. இந்தப் புத்தகத்தைத் திருடு என்பதுதான் தலைப்பு. பதிப்பகங்கள் வரிசையாகக் கையை விரித்ததால், 1971இல் 'பைரேட் எடிஷன்ஸ்' என்று பெயர் வைத்துத் தானே வெளியிட்டார். பல கடைக்காரர்கள் தலைப்பைப் பார்த்ததுமே உள்ளே வைக்க மறுத்தார்கள். நான் வாங்கிய பழைய புத்தகக் கடையில் அது இரட்டைப் பூட்டுக்குள் இருந்தது. என் ஓட்டுநர் உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்ட பிறகே கண்ணில் காட்டினார்கள். திருடியிருந்தால் ஆசிரியரின் ஆசை நிறைவேறியிருக்கும்தான். ஆனால் திருடிய புத்தகத்துக்கு ரசீது தரமாட்டார்கள். ரசீது இல்லாமல் நாளைக்கு எப்படி விற்பது?

அந்த ரசீதைக் காட்டித்தான் வீட்டு இன்சூரன்ஸில் அலமாரியைச் சேர்க்கப் போனேன். ஏஜென்ட் நம்ம ஊர்க்காரர், கோவில்பட்டி. நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டே வந்தவர், கடைசிப் பெயரில் நிறுத்தினார்.

"சார், இது புஸ்தகம் பேரா, இல்ல திருடனுக்கு ஏதும் தகவலா?"

பேர்தான் என்றேன். கொஞ்சநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரீமியம் ஒண்ணும் கூடாது சார். எதுக்கும் அதை மட்டும் முதுகு சுவத்தைப் பாக்கிற மாதிரி திருப்பி வச்சிருங்க."