புறப்பாட்டு இலக்கணம்: கும்மிடிப்பூண்டி உறவினரைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

1971-ஆம் ஆண்டில் தோன்றிய சிப்காட் நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் நிலம் எடுத்து, மனை பிரித்து, சாலையும் தண்ணீரும் மின்சாரமும் கொடுத்துத் தொழிற்சாலைகளை வரவழைத்த வரலாற்றுக்கு அறிக்கைகளும் கோப்புகளும் வேண்டிய மட்டும் இருக்கின்றன. ஆனால் அத்தொழிற்சாலைகள் வந்து அமர்ந்ததன் பயனாக, மீஞ்சூர் முதல் ஆரம்பாக்கம் வரையில் இருப்புப்பாதையை ஒட்டி வாழும் பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தை முதலிய உறவினர் வர்க்கத்தின் மனோதர்மத்தில் உண்டான மாறுதலைப் பற்றி, நான் தேடிய வரையில், ஒரு பக்கம்கூட எவரும் எழுதி வைக்கவில்லை. அக்குறையை ஓரளவேனும் நீக்குவது இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பவர்களுக்கு, திரைப்படங்களுக்கும் ஆவணப் படங்களுக்கும் அடியில் ஓடுகின்ற வசனங்களை வீட்டிலிருந்தபடியே எழுதி ஜீவனம் செய்பவன் நான் என்பதையும், என் தந்தை வழியாரும் தாய் வழியாரும் மேற்படி எல்லைக்குள்ளேயே குடியிருக்கிறார்கள் என்பதையும் விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

ஆராய்ச்சிக்கூடம் பெரும்பாலும் ஜி.என்.டி. சாலையோரத்துக் கல்யாண மண்டபங்களே. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம் ஆகியவற்றிலும் சான்றுகள் கிடைக்குமாயினும், பந்தியில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் இடையே விழும் அவகாசத்தில் வெளிப்படுகிற அபிப்பிராயம்போல் கலப்பற்ற அபிப்பிராயம் வேறெங்கும் கிடைப்பதில்லை. அத்தகைய ஓர் அவகாசத்தில் என் பெரியப்பாவுக்கும் எனக்கும் நிகழ்ந்த சம்பாஷணையை முதற்சான்றாக அப்படியே தருகிறேன்.

“இப்ப எங்கப்பா வேலை?”

“வீட்டுலருந்தே தான் பெரியப்பா. படத்துக்குக் கீழ எழுத்து ஓடுது இல்ல, அது நான் எழுதறது.”

“அது சரி. வேலை எங்க?”

இதற்கு நான் விடை தேடிக்கொண்டிருக்கையில், அவர் தமக்கு மறுபக்கத்தில் அமர்ந்திருந்தவரிடம் திரும்பி, “நம்ம சம்பந்தி வூட்டுப் பையன் கும்மிடிப்பூண்டில கம்பெனி. காலைல அஞ்சேகாலுக்கு வண்டி தெருமுனைக்கே வந்துடுது” என்றார். அந்தப் பையன் கம்பெனியில் என்ன செய்கிறான் என்று கேட்டவரும் கேட்கவில்லை, சொன்னவரும் சொல்லவில்லை. இருவருக்கும் பரம திருப்தி உண்டாயிற்று.

நியாய சாஸ்திரம் கற்பிப்போர், மலையின்மேல் புகையைக் காட்டி அதனால் அங்கே நெருப்புண்டு என்று அனுமானிக்கும் முறையை முதற்பாடமாக வைப்பது வழக்கம். நம் ஆராய்ச்சிக்குரிய பிரதேசத்தில் புகைக்கும் பஞ்சமில்லை, நெருப்புக்கும் பஞ்சமில்லை. ஆயினும் இங்குள்ள உறவினர் அவ்விரண்டையும் விட்டுவிட்டு, பேருந்தைக் கண்டு உத்தியோகத்தை அனுமானிக்கிறார்கள். வண்டி வருகிறது, ஆகவே வேலை இருக்கிறது. வண்டி வரவில்லை, ஆகவே பையன் சும்மா இருக்கிறான். இந்த அனுமானத்துக்கு உபபலமாக வேறு சில வினாக்களும் உள. “பர்மனென்ட்டா, காண்ட்ராக்ட்டா?” என்பது ஒன்று. “ஷிஃப்ட்டா, ஜெனரலா?” என்பது மற்றொன்று. இவற்றினும் சூட்சுமமானது, “பி.எஃப். பிடிக்கறாங்களா?” என்பது. எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று கேட்பதை நாகரிகக் குறைவாகக் கருதும் உறவினர், எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதை மட்டும் சபையறியக் கேட்பதன் தத்துவம் யாதெனின், கொடுப்பதை எவனும் கொடுப்பான், மாதந்தோறும் நூற்றுக்குப் 12 வீதம் பிடித்து வைப்பதற்கு ஒரு ஸ்தாபனம் வேண்டும் என்பதே. இ.எஸ்.ஐ.யின் கதை இன்னும் விசித்திரமானது: மாதச் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதால் அதிலிருந்து வெளியே வந்துவிட்ட மருமகனைப் பற்றி, ஐயோ சலுகை போயிற்றே என்று துக்கிக்கும் பாவனையில் ஊரெல்லாம் பிரகடனம் செய்த மாமனார் ஒருவரை நான் அறிவேன். எனக்கோ எவரும் எதையும் பிடிப்பதில்லை. என் வறுமைக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி அவர்களுக்குத் தேவைப்படவுமில்லை.

உருக்கு ஆலையில் வேலை பார்க்கும் என் மைத்துனர் ஒருவர், 1,100 டிகிரிக்கு மேல் காய்ந்து செக்கச்செவேலென்று உலையை விட்டு வெளிவரும் இரும்புக் கட்டை, உருளைகளுக்கிடையே நசுங்கி நசுங்கிக் கட்டடக் கம்பியாக நீண்டு ஓடும் இடத்தில் நிற்பவர். அதில் எத்தனை அபாயம், எத்தனை கண் கூர்மை வேண்டியிருக்கிறது என்பதை அவர் ஒரு முறை எனக்கு அரை மணி நேரம் விளக்கிச் சொன்னார். கல்யாணமாகிப் பல ஆண்டுகளாகியும் இதைத் தம்மிடம் கேட்டவன் நான் ஒருவனே என்றும் சொன்னார். அவருக்கு மாமியார் வீட்டில் கிடைக்கும் முதல் மரியாதை உலைக்கு அருகே நிற்பதற்காக அன்று. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, தெருமுனையில் வண்டிக்கு நிற்பதற்காக. ஆகவே என் போன்றோரின் தொழில் கண்ணுக்குப் புலனாகவில்லை என்பதனால் உறவினர் அதை இகழ்கிறார்கள் என்று எண்ணுவது பிழை. எல்லார் தொழிலுமே அவர்களுக்குப் புலனாவதில்லை. அவர்கள் காண்பது புறப்பாடு ஒன்றையே, உற்சவ மூர்த்தி கோபுர வாசலைத் தாண்டுவதைக் காண்பதுபோல.

இந்தச் சித்தாந்தத்தைச் சரித்திர ரீதியாகவும் ஸ்தாபிக்கலாம். ஒரு காலத்தில் இப்பகுதியில் கௌரவமென்பது கர்ணத்தின் கக்கத்தில் இருந்த கணக்குக் கட்டாக நடமாடியது. அது திண்ணையிலிருந்து பார்த்தால் தெரிந்தது. பள்ளிக்கூட வாத்தியாருக்குக் குடை இருந்தது, அதுவும் தெரிந்தது. அந்நாளில், 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டத் தொடங்கிய காலத்தையொட்டி, எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டையோடு வருகிறவனுக்குப் பெண் கொடுக்க எங்கள் குடும்பத்தில் மிகவும் யோசித்தார்கள் என்று நான் கேள்விப்பட்டிருக்கிறேன். பிறகு 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தது. 1965-இல் ஆவடியில் விஜயந்தா டாங்கி உருண்டு வெளியே வந்தது. காக்கிச் சட்டைக்குச் சங்கு ஊதும் நேரமும், சைக்கிள் வரிசையும், பிற்பாடு பேருந்தும் கிடைத்தன. 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கர்ணம் பதவியை ஓர் அவசரச் சட்டத்தால் நீக்கிவிட்டபோது, கணக்குக் கட்டு இறங்கிய கக்கங்களில் சாப்பாட்டுப் பை ஏறுவதற்கு அதிக காலம் பிடிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், என் பெரியப்பா எந்தக் கம்பெனி வேலையை வேதமாகக் கொள்கிறாரோ அதுவே அவருடைய தகப்பனார் காலத்தில் குலத்துக்கு அடாத தொழில். இதை அவரிடம் சொன்னேன். “அப்ப வண்டி இல்லையே” என்று விடையளித்தார். ஆராய்ச்சியாளனுக்கு இதனினும் சிறந்த ஆதாரம் கிடைக்குமா?

பரிசோதனை ரீதியான நிரூபணமும் ஒன்று தற்செயலாகக் கிட்டியது. எங்கள் தெருவில் குடியேறிய ஓர் இளைஞர் மாலை ஏழு மணிக்குத் தோளில் பையோடு புறப்பட்டு, மறுநாள் காலையில் கண்கள் சிவக்க, காதோரத்தில் ஏதோ பூச்சு ஒட்டியிருக்கத் திரும்புவார். தெருவார் அவரை நைட் ஷிஃப்ட் என்று தீர்மானித்து, பெயிண்ட் கம்பெனி என்று மேலும் தீர்மானித்து, பகலில் அவர் உறங்கும் நேரத்தில் குழந்தைகளைச் சத்தம் போடாதே என்று அதட்டியும் வந்தார்கள். உண்மையில் அவர் திரௌபதி அம்மன் கோயில்களில் இரவு பத்து மணிக்குக் கட்டியங்காரன் வந்து தொடங்கி விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தில் துச்சாதனன் வேஷம் கட்டுகிறவர். காதோரத்தில் இருந்தது தேங்காயெண்ணெயால் துடைத்தும் போகாத அரிதாரம். தெருப் பெரியவர் ஒருவர் தம் சொந்த ஊர்த் திருவிழாவில் துகிலுரியும் கட்டத்தில் குரலைக் கொண்டு அவரை அடையாளம் கண்டுவிட்டார். அன்று முதல், அதே மனிதர், அதே பை, அதே புறப்பாடு, அதே கண் விழிப்பு. ஆனால் பகல் பத்து மணிக்கு அவர் ஜன்னலுக்குக் கீழே கிரிக்கெட் நடக்கிறது. “கூத்தாடற பையன் தானே” என்றார் என் அத்தை. ஷிஃப்டில் இருந்ததாக நம்பிய காலத்தில் அவருக்குத் தம் ஓரகத்தி மகளைப் பேசி வைத்தவரும் இந்த அத்தையே.

புராணச் சான்றுகளுக்கு நாம் வெளியூர் செல்ல வேண்டுவதில்லை. திருவள்ளூர் மார்க்கத்து மின்சார ரயிலில் ஏறினால் திருநின்றவூர் வருகிறது. பூசலார் நாயனாரின் ஊர். சிவனுக்குக் கோயில் எழுப்ப விரும்பிப் பொருள் தேடியும் கிடைக்காமையால், அவர் மனத்திலேயே கல்லும் மரமும் திரட்டி, தச்சரைத் தேர்ந்து, நாள் பார்த்து அடிநிலை போட்டு, இரவிலும் உறங்காது சிகரம் வரை எழுப்பி, சுதை பூசி, கிணறும் மதிலும் குளமும் அமைத்துக் குடமுழுக்குக்கும் நாள் குறித்தார் என்று சேக்கிழார் கூறுகிறார். வேலை நடந்த காலமெல்லாம் ஊருக்குள் ஒரு மணல் வண்டியும் வரவில்லை. இவ்வளவு நுட்பமாகக் கட்டட விவரம் தருகிற சேக்கிழார், நாயனாரின் தாய்மாமன்மாரைப் பற்றி வாய் திறக்காதது பெரியதொரு நஷ்டம். ஆனால் காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ மன்னன், தன் குடமுழுக்கு நாளை வேறொரு நாளுக்குத் தள்ளி வைக்குமாறு இறைவன் கனவில் பணித்தபடி திருநின்றவூர் வந்து பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று கேட்டபோது, அப்படி எவரும் இங்கே கட்டவில்லை என்று ஊரார் விடையளித்த செய்தி புராணத்தில் இருக்கிறது. அந்த விடையில் உறவினரின் குரல் கலந்திருந்தது என்பது என் துணிபு. அரசன் அவரைத் தேடிப் போய் வணங்கினான். வாசலுக்கு அரச வாகனமே வந்துவிட்டதால் அதன்பின் எவரும் பி.எஃப். பற்றி விசாரித்திருக்க மாட்டார்கள்.

இப்போது அங்கே இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. இருதய நோயாளிகள் பெருவாரியாக வந்து வழிபடுகிறார்கள். என் பெரியப்பாவும் தமது ஆஞ்சியோ ரிப்போர்ட்டைச் சந்நிதியில் வைத்து அர்ச்சனை செய்துகொண்டு வந்தவர்தாம். ஒரு செங்கல்லும் இல்லாமல் கோயில் கட்டியவரை நம்பித் தம் இருதயத்தை ஒப்படைத்த அம்மகான், திரும்பி வருகிற வழியில் என் வீட்டில் காபி அருந்திக்கொண்டே, “நாள் பூரா ரூமுக்குள்ளயே என்னடா பண்றே?” என்று கேட்டார்.

உறவினரிடம் தொழில் மாற்றத்தை ஐயத்துக்கு இடமின்றி அறிவித்தவர் என்று பார்த்தால் காரைக்கால் அம்மையாருக்கு இணை எவருமில்லை. பிரிந்து போன கணவனிடம் சேர்த்துவிடுவதென்று சுற்றத்தார் அவரைச் சிவிகையில் ஏற்றிப் பாண்டி நாட்டுக்கு அழைத்துச் செல்ல, அங்கே அவன் தன் இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் வந்து அவர் காலில் விழ, மனைவியை வணங்குவதென்ன என்று சுற்றத்தார் திகைத்து நிற்க, அம்மையார் இந்த உடம்பின் வனப்பே வேண்டாமென்று உதறிப் பேய் வடிவு வேண்டிப் பெற்றார். சுற்றத்தார் அஞ்சித் தொழுது அகன்றார்கள். மேற்கொண்டு யோசனை சொன்னதாகத் தெரியவில்லை. அவர் பின்னர் வந்து சேர்ந்த திருவாலங்காடு நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. முறை உத்தமமானது, நம் போன்ற சாமானியர்க்குக் கைகூடுவதன்று.

திருத்தணியில் 1888-இல் பிறந்த ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்ததற்குக் காரணம், அதே பாடத்தை முடித்த உறவினர் ஒருவர் தம் புத்தகங்களை அவருக்குக் கொடுத்துவிட்டதும், புதிதாக வாங்கும் செலவு மிச்சமானதுமே என்று சொல்வார்கள். உறவினரின் தலையீட்டால் விளைந்த நன்மைகளுள் என் குறிப்பேட்டில் ஏறியிருப்பது இது ஒன்றே. அவரும் யோசனை சொல்லாமல் புத்தகத்தை மட்டும் கொடுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனிப் பரிகாரம். விளக்கிச் சொல்வது பயனற்றது என்பது மேலே நிறுவப்பட்டது. வருமானத்தைச் சொல்வது அபாயகரமானது. நம்பாதவர் சிரிக்கிறார், நம்புகிறவர் கைமாற்றுக் கேட்கிறார். எஞ்சியிருப்பது புறப்பாடு ஒன்றே. ஆகவே நான் இப்போது காலை எட்டரை மணிக்குக் குளித்து, சட்டையை உள்ளே விட்டு, கழுத்தில் ஏதோ ஒரு பட்டையை மாட்டி, மடிக்கணினிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, திண்ணையில் இருக்கும் அத்தையிடம் “வரேன் அத்தை” என்று சொல்லிவிட்டுப் புறப்படுகிறேன். ஏரிக்கரையோரமாக ஒரு சுற்று வந்து, தோட்டத்துப் பக்கமாக நுழைந்து, என் அறையில் அமர்ந்து வேலை பார்த்துவிட்டு, மாலையில் அதே மார்க்கமாக வெளியேறி வாசல் வழியே களைப்போடு திரும்புகிறேன். பையன் செட்டில் ஆகிவிட்டான் என்று ஊரில் பேச்சு. பெரியப்பா என்னைப் பந்தியில் தம் பக்கத்தில் அமர்த்திக்கொள்கிறார்.

இம்முறையின் பலவீனம் ஆயுத பூஜையை ஒட்டி வெளிப்பட்டது. சட்டம் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் போனஸ் என்று விதித்திருப்பதை இப்பகுதிக் குழந்தைகளும் அறியும். போனஸோடு கம்பெனி கொடுக்கும் ஸ்வீட் பாக்ஸ் பெரியோர் வீடுகளுக்குப் போய்ச் சேர வேண்டுமென்பது எழுதாத சட்டம். நானும் பொன்னேரிக் கடையொன்றில் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிப் பெட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கம்பெனி பேரே போடலையே!” என்றார்.

பெட்டியின்மேல் ஒட்டுவதற்கு ஒரு பெயர் அச்சிட்டுக்கொள்ளலாமென்று விசாரித்ததில், நூறு சீட்டுக்குக் குறைந்து அடிப்பதில்லை என்று அச்சகத்தார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். உறவினர் வீடுகள் அத்தனை இல்லை. மீதிச் சீட்டுகளைக் கூத்துக்காரத் தம்பிக்குக் கொடுத்துவிட்டால் அவருக்கும் ஒரு கம்பெனி ஆயிற்று என்று தோன்றுகிறது; பெயர் என்ன வைப்பது என்பதில்தான் எங்கள் இருவருக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.